சிறிய சமையலறையில் எந்த மின்கருவிக்கு இடம் கொடுக்கலாம்? பழுதானால் எங்கே கொண்டுபோவது?

பொங்கோல் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் கணவரும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரத்தில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் இடையில் எஞ்சும் மேடைதான் வெட்டவும் பிசையவும் வைக்கவும் எங்களுக்குள்ள இடம். அதில் இப்போது மேசைக் கிரைண்டர், மிக்ஸி, ரைஸ் குக்கர், கெட்டில், ஏர் ஃபிரையர், மின்சாரப் பிரஷர் குக்கர் என ஆறு கருவிகள் நிற்கின்றன. காய் நறுக்க வேண்டுமானால் எதையாவது தூக்கிக் கீழே வைத்த பிறகுதான் முடிகிறது.

இவற்றால் எனக்குக் கிடைக்கும் நிம்மதி பெரிது. வேலை முடிந்து வந்ததும் அரிசியைக் கழுவி ரைஸ் குக்கரில் போட்டுவிட்டால், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்தபடியே குழம்பை முடித்துவிடலாம். சோறு குழையுமோ அடிபிடிக்குமோ என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. காலையில் தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்ஸிக்கு ஒரு நிமிடம் போதும். வார இறுதியில் கிரைண்டரில் அரைத்த மாவு மறுநாள் காலை பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்பதைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி எனக்கு இன்றும் குறையவில்லை.

எரிச்சல் தருவது வேறு. எங்கள் மின்சாரப் பிரஷர் குக்கரின் மூடியில் உள்ள சிலிக்கான் வளையம் தளர்ந்து ஆவி கசிய ஆரம்பித்தது. பானையும் சூடாக்கும் தட்டும் புதிதாக இருந்தபடியே இருக்கின்றன. வாங்கிய கடையில் விசாரித்தபோது, அந்த மாதிரி இப்போது வருவதில்லை, வளையம் தனியாகக் கிடைக்காது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கையளவு ரப்பர் வளையம் ஒன்றுக்காக நல்ல கருவியைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. இப்போது கிரைண்டரும் தகராறு செய்கிறது. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறதே தவிர, பாத்திரம் சுற்றுவதில்லை.

நால்வர் உள்ள குடும்பத்துக்கு வாரம் ஒரு முறை மாவரைக்கக் கிரைண்டர் அவசியமா, மிக்ஸியே போதுமா? இங்கே இத்தகைய கருவிகளைப் பழுதுபார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா? என் பெற்றோர் இந்தியாவில் உள்ள ஊரிலிருந்து வரும்போது புதிய கிரைண்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் உதவியாக இருக்கும்.

யீஷூன் மெக்கானிக் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். வீட்டு மின்கருவிகளைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அக்கம்பக்கத்தார் கொண்டுவருவதை மட்டும் பார்த்துக் கொடுக்கிறேன். உங்கள் முதல் கேள்விக்குச் சமையல் தெரிந்தவர்கள் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். எந்தக் கருவிக்கு இடம் கொடுக்கலாம் என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. தேய்ந்துபோகும் பாகத்தைக் கழற்ற முடிகிறதா, அந்தப் பாகம் தனியாக விற்கிறதா என்று பாருங்கள். அந்த இரண்டும் இருந்தால் அது மேடையில் இருக்கத் தகுந்த கருவி. வாட் எண்ணிக்கையும், பொத்தான்களின் எண்ணிக்கையும், பெட்டியின் மேல் அச்சிட்ட படங்களும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

அந்த வகையில் நம் ஊர் மிக்ஸியும் கிரைண்டரும் இன்றைக்கும் மதிப்புக்குரியவை. மிக்ஸியில் பெரும்பாலும் தேய்வது நான்கு பாகங்கள்: ஜாரின் மூடி வாஷர், பிளேடு நிற்கும் புஷ், ஜாருக்கும் மோட்டாருக்கும் இடையில் பல்லுப் பல்லாக இருக்கும் கப்ளர், மோட்டாருக்குள் உள்ள கார்பன் பிரஷ். நான்கும் மலிவான பாகங்கள். தேக்காவைச் சுற்றியுள்ள இந்தியப் பொருள் கடைகளில் ஜாரும் வாஷரும் கப்ளரும் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம். ஜாரின் அடியில் கறுப்பாக நீர் கசிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதை அலட்சியம் செய்தால் அந்த நீர் மோட்டாருக்குள் இறங்கும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் பிளேடு நின்றுவிட்டால் கப்ளரின் பல் உடைந்திருக்கும். உள்ளே பொறி அதிகமாகத் தெரிந்து, கருகிய வாடை வந்து, ஓட்டம் விட்டு விட்டு இருந்தால் கார்பன் பிரஷைப் பார்க்க வேண்டும்.

மிக்ஸி திடீரென்று முற்றிலும் நின்றுபோனால், குப்பையில் போடுவதற்கு முன் தயவுசெய்து அதைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பெரும்பாலான இந்திய மிக்ஸிகளின் அடியில் சிவப்பு நிறத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். சுமை அதிகமாகி மோட்டார் சூடேறினால் அது தானாக வெளியே தள்ளிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மோட்டார் ஆறும் வரை காத்திருந்து, ஜாரில் இருப்பதைக் குறைத்து, பொத்தானை உள்ளே அழுத்தினால் மறுபடி ஓடும். இந்தப் பொத்தான் இருப்பது தெரியாமல் நல்ல மிக்ஸிகளை என்னிடம் பழுது என்று கொண்டுவந்தவர்கள் பலர்.

கிரைண்டர் விஷயம் வேறு. மிக்ஸியின் மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். அதனால்தான் அதற்குக் கார்பன் பிரஷ் உண்டு, சத்தமும் சூடும் உண்டு. மேசைக் கிரைண்டரில் இருப்பது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். பெரும்பாலும் 150 வாட் அளவுதான். அது பெல்ட் வழியாகப் பாத்திரத்தை மெதுவாகச் சுற்றுகிறது. தொடக்கத்தில் அதைத் தள்ளிவிட ஒரு கெப்பாசிட்டர் உண்டு. உறுமுகிறது, சுற்றவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்: காய்ந்த மாவு எங்கேயாவது இறுகிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் கெப்பாசிட்டர் தளர்ந்துவிட்டது. எதற்கும் சுவிட்சை உடனே அணைத்துவிடுங்கள்; சுற்றாமல் உறுமும் நிலையில் விட்டுவைத்தால் மோட்டாரின் சுருள் கருகிப்போகும், அதன் பிறகு செலவு பெரிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குழவிகளை எடுத்துவிட்டு, பாத்திரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலேசாகச் சுற்றுகிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.

பழுதுபார்க்கும் இடம் கேட்டீர்கள். 2014ல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் என்ற தொண்டூழிய முயற்சி இங்கே இருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புப் பகுதிகளில் கூடுகிறார்கள். பொருளை வாங்கி வைத்துக்கொண்டு சரிசெய்து தருவதைவிட, நம்மைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பதே அவர்கள் நோக்கம். உங்கள் கருவிக்குரிய உதிரிபாகம் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போவது நல்லது.

பிடோக் மீனாட்சி எழுதியது:

வணக்கம். மெக்கானிக் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். நான் நீண்ட காலமாகப் பெரிய குடும்பத்துக்குச் சமைப்பவள் என்பதால் கிரைண்டரா மிக்ஸியா என்ற கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

தோசைக்கு மிக்ஸி மாவு போதும், இட்லிக்குக் கிரைண்டர்தான். காரணம் உளுந்தில் இருக்கிறது. கிரைண்டரில் குழவி மெதுவாக உருளும்போது உளுந்து சூடேறாமல், காற்றை உள்ளே வாங்கிக்கொண்டே அரைபடுகிறது. மிக்ஸியின் வேகம் மாவைச் சூடாக்கிவிடும். சூடு ஏறினால் மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும், மாவில் காற்றும் தங்காது. உளுந்து சரியாக அரைபட்டதா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, மாவில் ஒரு துளியை விரலால் எடுத்துப் போடுங்கள். மேலே மிதந்தால் போதுமான காற்று சேர்ந்துவிட்டது. மூழ்கினால் இன்னும் சற்று நேரம் ஓடவிட்டு, தண்ணீரைக் கை நனைத்துத் தெளித்தாற்போலச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கிரைண்டர் இல்லாதவர்கள் ஊறவைத்த உளுந்தைத் தண்ணீரோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, ஐஸ் தண்ணீர் விட்டு, நிறுத்தி நிறுத்தி மிக்ஸியில் அரைத்தால் ஓரளவு நன்றாகவே வரும். இருந்தாலும் கிரைண்டரில் பஞ்சு போல எழும்பும் உளுந்து மாவை மிக்ஸியில் நான் கண்டதில்லை.

நம் நாட்டு வெப்பத்தில் மாவு விரைவில் புளித்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஊரில் மார்கழிக் குளிரில் மாவைப் போர்த்தி வைப்பார்கள். இங்கே ஆண்டு முழுதும் இரவிலும் வெக்கை குறைவதில்லை. இரவு படுக்கும்போது அரைத்து வெளியே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். வேலைக்குப் போகும் அவசரத்தில் அப்படியே விட்டுச் சென்றால் மாலையில் புளிப்பு தாங்காது. ஆகவே காலையில் எழுந்ததும் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

இரவில் அரைப்பவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கிரைண்டரின் அதிர்வு மேடை வழியாகச் சுவரில் இறங்கி, கீழ்வீட்டாருக்கு நமக்குக் கேட்பதைவிடக் கனமாகக் கேட்கும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டு, சுவரைத் தொடாமல் வையுங்கள். இரவு 10.30 முதல் காலை 7 வரை அமைதி காக்க வேண்டிய நேரம். நான் எட்டு மணிக்குள் அரைத்து முடித்துவிடுவேன். அண்டை வீட்டாரோடு முகம் கொடுத்துப் பேச முடிவது இட்லியைவிட முக்கியம்.

ரைஸ் குக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1955ல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் தானியங்கி மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கான சோதனைகளை, அதை வடிவமைத்த யோஷிததா மினாமியின் மனைவி ஃபுமிகோ தம் வீட்டிலேயே பொறுமையாகச் செய்து பார்த்தார் என்று படித்தபோது, அந்தக் கருவி ஏன் இவ்வளவு சரியாக வேலை செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது. பானையில் தண்ணீர் இருக்கும் வரை அடிப்பாகத்தின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. தண்ணீரை அரிசி முழுவதும் இழுத்துக்கொண்டதும் வெப்பம் மேலே ஏறும். அந்த ஏற்றத்தை உணர்ந்து சுவிட்ச் விழுந்துவிடுகிறது. இது தெரிந்துகொண்டால் பராமரிப்பும் விளங்கிவிடும். பானையின் வெளிப்பக்கத்தைத் துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு வைக்க வேண்டும். சூடாக்கும் தட்டின் மேல் ஒரே ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக் காய்ந்திருந்தாலும் பானை சரியாக அமராது. ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் நறுக்கரிசியாக நிற்கும். குக்கர் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டும் பழுது பெரும்பாலும் அந்தப் பருக்கைதான். அரிசியை வேறு பாத்திரத்தில் கழுவிய பிறகு பானையில் கொட்டுங்கள். அந்தப் பானையிலேயே போட்டுத் தேய்த்துக் கழுவுவதால்தான் உட்பூச்சு சீக்கிரம் உரிகிறது.

சோற்றை இரவு முழுவதும் குக்கரில் வைத்திருப்பவர்கள் சூட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூடாகப் பரிமாற வேண்டிய உணவு 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள உணவுப் பாதுகாப்பு விதி. அணைத்துவிட்டு மூடியே வைத்த சோறு வெதுவெதுப்பாக இருந்து கெட்டுப்போகும், பார்வைக்கும் தெரியாது.

தெம்பனிஸ் குமரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏர் ஃபிரையரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. அதற்கு இடம் கொடுக்க வேண்டுமா என்றால், எங்கள் வீட்டில் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் வாங்கும் முன் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

2010ல் ஃபிலிப்ஸ் நிறுவனம் இந்தப் பெயரில் கருவியை அறிமுகப்படுத்தியபோது, எண்ணெய் இல்லாமல் பொரிக்கலாம் என்ற எண்ணம் பரவியது. உண்மையில் அது விசிறி பொருத்திய ஒரு சிறிய அடுமனை அடுப்பு. சூடான காற்றை உணவைச் சுற்றி வேகமாக ஓட்டுகிறது. எண்ணெய்ச் சட்டியில் போட்ட நொடியில் மாவின் மேல்பகுதி இறுகிவிடும். சூடான காற்றால் அவ்வளவு விரைவாக அதைச் செய்ய முடியாது. ஆகவே உளுந்து வடை மாவை இதில் ஊற்றினால் அது இறுகும் முன்பே தட்டின் துளைகளில் வழிந்துவிடும். கடலைப் பருப்பு வடையைத் தட்டையாகத் தட்டி, மேலே எண்ணெய் தடவி வைத்தால் நன்றாக வரும். வெண்டைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மசாலா தடவிய மீன் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல கருவி எங்களிடம் இல்லை. நேற்று மீந்த கறி பஃப்பையும் பழைய மொறுமொறுப்புக்குக் கொண்டுவந்துவிடும். மைக்ரோவேவ் அதை நமத்துப்போகச் செய்துவிடும்.

அப்பளத்தைத் தனியாக உள்ளே போடாதீர்கள். விசிறிக் காற்று அதைத் தூக்கி மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டவைத்துவிடும்; கறிவேப்பிலைக்கும் அதே ஆபத்து. மேலே ஒரு சிறிய கம்பித் தட்டைக் கவிழ்த்து வைத்தால் அப்பளம் அழகாகப் பொரியும்.

மின்கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். ஒரு யூனிட் ஏறத்தாழ 30 காசு (சென்ட்) என்று வைத்துக்கொண்டால், 150 வாட் கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓட மூன்று நான்கு காசுதான் ஆகும். 1,500 வாட் ஏர் ஃபிரையர் இருபது நிமிடம் ஓடினால் 15 காசுக்குள் முடியும். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்கவைக்க ஐந்து காசு போதும்.

ஆனால் ஒரே சமயத்தில் எத்தனையை ஓட்டுகிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். நம் 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது சுமார் 3,000 வாட். 2,200 வாட் கெட்டிலையும் 1,500 வாட் ஏர் ஃபிரையரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிச் சேர்த்து ஓட்டினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பலகையின் கம்பி சூடேறி உருகத் தொடங்கும். சூடாக்கும் கருவி எதுவாக இருந்தாலும் சுவரிலுள்ள சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். பழைய வீடுகளில் இருப்பவர்கள் மின்பெட்டியில் ஆர்சிசிபி என்ற கசிவு மின்துண்டிப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. தண்ணீரும் மாவும் வழியும் கிரைண்டரை ஈரக் கையோடு தொடும் நமக்கு அது உயிர்காக்கும் கருவி. கிரைண்டரைப் போட்டதும் அந்தத் துண்டிப்பான் விழுகிறது என்றால் மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். திரும்பத் திரும்ப மேலே தள்ளிவிட்டு ஓட்ட முயலக் கூடாது.

செங்காங் ரவி எழுதியது:

ஊரிலிருந்து கிரைண்டர் கொண்டுவருவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்தியாவிலும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்; எனவே கருவி அப்படியே ஓடும். நம் கிரைண்டர்களின் தலைநகரம் கோயம்புத்தூர். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அங்கே வகைகளும் விலையும் நமக்குச் சாதகம்தான்.

சிக்கல் எடையில்தான் இருக்கிறது. பெட்டியும் கல்லும் சேர்ந்து பயணப் பையின் அனுமதி எடையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். குழவிகளைத் தனியே துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பாத்திரத்துக்குள்ளேயே விட்டால் பயணத்தில் உருண்டு கல்லின் விளிம்பைப் பெயர்த்துவிடும். வரியைப் பொறுத்தவரை, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்துவிட்டு வருபவருக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலான பொருள்களுக்குப் பொருள் சேவை வரி விலக்கு உண்டு. அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரை. வேலை அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி போன்றவற்றில் இங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

உருண்டை முள் கொண்ட இந்தியப் பிளக்கை இங்குள்ள சாக்கெட்டில் எப்படியாவது திணிக்கும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பாதுகாப்பு முத்திரை உள்ள, நிலக்கம்பி இணைப்பு கொண்ட மாற்றியை வாங்குங்கள். அதைவிடச் சிறந்தது, விவரம் தெரிந்தவரைக் கொண்டு மூன்று முள் பிளக்கையே மாற்றிவிடுவது. கிரைண்டருக்கு அந்தப் பிளக்கில் 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

எனினும், ஐயா கேட்டதுபோல உங்கள் பழைய கிரைண்டரைச் சோதித்துவிட்டு இந்த முடிவை எடுங்கள். முஸ்தபா கடைத்தொகுதியிலும் மேசைக் கிரைண்டர்கள் விற்கின்றன. இங்கே வாங்கினால் உத்தரவாதம் இங்கேயே செல்லும். ஊரில் வாங்கியதற்கு அது கிடைக்காது.

பொங்கோல் வாசகி எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மீனாட்சி அம்மா சொன்ன மிதக்கும் துளிச் சோதனையை அடுத்த முறை அவசியம் செய்து பார்ப்பேன்.

மெக்கானிக் ஐயா, நீங்கள் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாத்திரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் இலேசாகச் சுற்றுகிறது. மறுபடி சுவிட்சைப் போட்டு நொடியில் அணைத்தேன், அதே உறுமல்தான். அப்படியென்றால் கெப்பாசிட்டர்தானா? அதை நானே மாற்றலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பிரஷர் குக்கரை இனிப் பயன்படுத்த முடியாது என்றால், எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடலாமா?

யீஷூன் மெக்கானிக் எழுதியது:

கெப்பாசிட்டர்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பாத்திரம் இலேசாகச் சுற்றுவதால் தாங்கியும் பெல்ட்டும் பிடிக்கவில்லை. மோட்டார் உறுமுவதால் மின்சாரம் சுருள் வரை போய்ச் சேர்கிறது. மிஞ்சுவது, தொடக்கத் தள்ளல் கொடுக்கும் அந்தச் சிறு உருளை ஒன்றுதான்.

நீங்களே திறக்க வேண்டாம் என்றே சொல்வேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை முறையாக வெளியேற்றத் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். புதியதை வாங்கும்போது பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் எண் அதேபோல் இருக்க வேண்டும். வோல்ட் எண் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கடைசி ஞாயிறு கூட்டத்துக்குக் கொண்டுபோவதானால், குழவிகளையும் பாத்திரத்தையும் வீட்டில் வைத்துவிட்டு அடிப்பாகத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும். திறந்த கையோடு பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உட்பக்கம் பளபளப்பாகவோ வெடிப்பாகவோ இருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடலாம். உள்ளே கரப்பான் கூடு இருந்தால் வியப்பதற்கில்லை. சூடும் மாவு மணமும் உள்ள இடம் அவற்றுக்குப் பிடிக்கும். ஒவ்வொரு முறை அரைத்த பிறகும் அடிப்பாகத்தின் காற்றுத் துளைகளில் காய்ந்த மாவைத் துடைத்துவிட்டால் அது பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

பிரஷர் குக்கரை அந்தத் தொட்டியில் போடக் கூடாது. 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டம் கணினி, கைத்தொலைபேசி, பேட்டரி, விளக்கு, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றுக்கானது; ரைஸ் குக்கர், கெட்டில், மிக்ஸி போன்ற சிறிய சமையல் கருவிகள் அதில் சேரவில்லை. அதனால் பெரும்பாலும் அவை குப்பையோடு எரியாலைக்குப் போய், மிஞ்சும் சாம்பல் செமாக்காவ் தீவில் கொட்டப்படுகிறது. வளையம் கிடைக்காததற்காக அந்த வழியில் அனுப்ப எனக்கும் விருப்பமில்லை. மூடியின் உட்புறத்தில் வளையம் அமரும் பள்ளத்தின் விட்டத்தையும், பழைய வளையத்தின் தடிப்பையும் அளவுகோலால் அளந்து இங்கே எழுதுங்கள். வேறு நிறுவனத்தின் வளையத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தம் தாங்கும் பாகத்தில் அப்படிச் சமாளிப்பது ஆபத்து. ஆனால் ஒரே தொழிற்சாலையில் செய்த கருவி இரண்டு மூன்று பெயர்களில் விற்பனைக்கு வருவதுண்டு. அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள மாதிரி எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்துப் போட்டால், அதே கருவி வேறு பெயரில் விற்கிறதா, அதற்கான வளையம் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் மூடியை ஒதுக்கிவிட்டு, ஏதாவது ஒரு கண்ணாடி மூடியைப் போட்டு, வதக்கும் பொத்தானில் மட்டும் பயன்படுத்துங்கள். குழம்பு வைக்கவும் ரசம் கொதிக்கவிடவும் அந்தப் பானையும் தட்டும் நன்றாகவே உழைக்கும்.